இழு, உதறு, சேர்

எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி மடித்துக் கொடுப்பது சலவைப் பிரிவின் வேலை. துவைக்க இயந்திரம் இருக்கிறது, உலர்த்த இயந்திரம் இருக்கிறது. மடிக்கவும் ஒன்று வாங்கினார்கள். அது மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அதை எழுப்பத் தெரிந்த ஒரே மனிதர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆகவே மடிப்பது இன்றைக்கும் நாங்கள்தான்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். 'இழு' என்றால் இருவரும் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும், சுருக்கம் போகும். 'உதறு' என்றால் ஓர் உதறல். 'சேர்' என்றால் இருவரும் முன்னால் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நான் இந்தப் பிரிவின் சூப்பர்வைசர். கத்துவது என் வேலை. நான் கத்தக் கத்த, கூடம் முழுக்க ஜோடி ஜோடியாக இழுப்பார்கள், உதறுவார்கள், சேருவார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதிரில் நிற்பவள் எவ்வளவு இழுக்கிறாளோ, அவ்வளவுதான் நாமும் இழுக்கலாம். கொஞ்சம் கூடிப்போனால் துணி அவள் கையை விட்டு வந்து தரையில் விழும், அழுக்கு ஒட்டும், மறுபடி துவைக்கப் போகும். பிறகு என் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

என் ஜோடி கொடிக்கம்பம். உயரத்துக்கு வைத்த பேர் அது. கூடத்தின் கதவு வழியாக அவள் தலை குனியாமல் வந்தால், அன்றைக்கு நெற்றியில் வீக்கத்தோடுதான் வேலை செய்வாள். அவள் திருநங்கை. அதை அவள் மறைத்ததும் இல்லை, மேடை போட்டுச் சொன்னதும் இல்லை. வந்த புதிதில் எங்கள் பெண்கள் கொஞ்ச நாள் குசுகுசுத்தார்கள். பிறகு அவள் மடிக்கிற அழகைப் பார்த்துவிட்டு, யார் அவளோடு ஜோடி சேர்வது என்று அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க, சூப்பர்வைசர் என்கிற முறையில் அவளை நானே எடுத்துக்கொண்டேன். அவள் எதிரில் நின்றால் விரிப்பு ஒருநாளும் கையை விட்டுப் போகாது. அவ்வளவு அளவான கை.

ஆனாலும் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் அவள் வந்ததில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. தலையணை உறைகள் அடுக்கியிருக்கும் அறையில் போய் மாற்றிக்கொள்வாள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு விளையாட்டுப் போட்டி நடக்கும். அதில் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிக்குத்தான் கூட்டம் அலைமோதும். ஜெயிக்கிற பிரிவுக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். கோப்பையை யார் சட்டை செய்தார்கள்? ஷிஃப்ட் பஸ்ஸில் முன்பக்க இருக்கைகள் ஒரு வருஷத்துக்கு அந்தப் பிரிவுக்கு. அதுதான் எங்கள் வழக்கம். தோற்றவர்கள் பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூரையில் தலை மோத வேண்டும். போட்டி தொடங்கிய நாளிலிருந்து முன்னால் உட்காருவது சமையல்கூடம். தலை மோதுவது நாங்கள்.

சமையல்கூடத்து அணியின் கேப்டன் என் சொந்த நாத்தனார். பெரிய கரண்டி என்பது அவளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பேர். நாங்கள் இருப்பது ஒரே வீடு: கீழே நான், மாடியில் அவள். அந்த பஸ்ஸை ஓட்டுவது என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன். முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க அண்ணனிடம் என்னைப் பற்றி அவள் பேசுவது, பின் சக்கரத்தின் மேலிருக்கும் எனக்குக் கண்ணாடியில் அவள் வாயசைவில் தெரியும். காது கேட்காது. வயிறெரிவதற்குக் காது எதற்கு?

இந்த வருஷம் எங்கள் அணியில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போய்விட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "நீ வாடி" என்று கொடிக்கம்பத்தைக் கூப்பிட்டேன்.

அவள் கையிலிருந்த துவாலை அப்படியே நின்றது. "பொம்பளைங்க டீம்லயா அக்கா?"

"பின்ன, கல்யாண கோஷ்டியிலயா? கயிறு புடிக்க வருமா வராதா?"

"அந்தப் பச்சை பனியன் எனக்கும் குடுப்பாங்களா? முதுகுல 'மகளிர் அணி'ன்னு போட்டிருக்குமே, அது?"

"குடுப்பாங்க."

"அதைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை மைதானத்தைச் சுத்தி நடந்தாப் போதும்க்கா எனக்கு. கயிறெல்லாம் அப்புறம்."

பனியன் வந்த அன்று அதை அவள் மூன்று தடவை இஸ்திரி போட்டாள். பனியனுக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா? சூடு பட்டு எழுத்தின் ஓரம் கொஞ்சம் சுருங்கிக்கூடப் போனது.

செய்தி சமையல்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மதியமே என் நாத்தனார், கொடிக்கம்பம் ஆடக் கூடாது என்று விளையாட்டுக் கமிட்டிக்கு மனுக் கொடுத்துவிட்டாள்.

கமிட்டி என்றால் நிர்வாக அதிகாரியும் எலும்பு டாக்டரும். இருவரும் என்னையும் நாத்தனாரையும் கொடிக்கம்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நிர்வாக அதிகாரி ஒரு விஷயத்தை முடிவு செய்வதைவிட, மூன்று நாள் காய்ச்சலில் கிடக்கலாம் என்று நினைக்கிற ரகம். "டாக்டர், நீங்க சொல்லுங்க. சயின்ஸ் என்ன சொல்லுது?" என்று பந்தை உடனே தட்டிவிட்டார்.

எலும்பு டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ஓட்டத்துக்கு, நீச்சலுக்கெல்லாம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதுலயே ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் ஒத்துக்கல. ஹார்மோன் மருந்து எடுத்துக்கிட்டா பலம் குறையும். உயரம் குறையாது. மிச்சம் எவ்வளவு நிக்கும்ங்கிறது ஆளுக்கு ஆள், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆஸ்பத்திரி சலவைக்காரங்க கயிறு இழுக்கிறதைப் பத்தி யாரும் ஆராய்ச்சி பண்ணல. எனக்குத் தெரியாது."

தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன டாக்டரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மரியாதை வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நிர்வாக அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி ஒன்று டாக்டரின் அறையில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லிக் கொடிக்கம்பத்திடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி, முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்து, ஓர் அழுத்து அழுத்திவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். முள் பாதி வரை போய் வந்தது.

"பாதிதான் போகுது" என்றேன் நான் வெற்றியோடு.

"பாதின்னா எதுல பாதி? பொம்பளைங்க எவ்வளவு அழுத்துவாங்கன்னு தெரிய வேண்டாமா? இங்க குடுங்க" என்று என் நாத்தனார் அதைப் பிடுங்கினாள். அழுத்தினாள். முள் கடைசிக் கோடு வரை ஓடியது. அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

"இதை வெச்சு முடிவு பண்ணினா, உங்களைத்தாம்மா பொம்பளைங்க டீம்லேர்ந்து தூக்கணும்" என்றார் டாக்டர்.

என் நாத்தனாருக்கு முகம் சிவந்தது. "இது நான் அண்டா தூக்கி, அரிசி மூட்டை தூக்கி வந்த பலம் சார். யாரும் சும்மா குடுத்ததில்ல."

"நானும் துணி மூட்டை தூக்குறேன் அக்கா" என்றாள் கொடிக்கம்பம், ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"நீ என்னை அக்கான்னு கூப்பிட்டு ஐஸ் வைக்காத" என்றாள் என் நாத்தனார்.

நிர்வாக அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு கேப்டனும் ஒரே வீடாமே? ரொம்ப நல்லதாப் போச்சு. வீட்டுல உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நீங்க ஒத்துக்கிட்டு வர்ற எதுவும் கமிட்டிக்குச் சம்மதம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது.

உலகத்தில் பெரிய பெரிய சபைகள் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்கிற ஒரு கேள்வி, இப்படியாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் நாத்தனார், நடுவில் என் வீட்டுக்காரர். கயிற்றின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்களே, அந்த இடம்.

"அவ பொம்பளை. பொம்பளைங்க டீம்ல ஆடுறா. இதுல உனக்கு எங்க குடையுது?" என்று ஆரம்பித்தேன்.

"அவ பொம்பளை இல்லைன்னு நான் சொன்னேனா அண்ணி? நாளைக்கு என் வீட்டு விசேஷத்துக்கு வந்தா என் பக்கத்துல உக்கார வெப்பேன். ஆனா கயிறுன்னு வந்தா உடம்புதான் பேசும். ஆம்பளை உடம்பா வளர்ந்த உடம்பு. அந்த உசரம் மருந்துல கரைஞ்சிடுமா?"

"உசரமா இருக்கிறது குத்தமா? உன் டீம்ல பிரெட் சுடுறவ என்ன குள்ளமா?"

"கேளுங்க முழுசா." அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். "பொம்பளைங்களுக்கும் கயிறு குடுங்கன்னு ஆபீஸ் வாசல்ல போய் நின்னது யாரு? நான். என்ன சொன்னாங்க? 'கை உரிஞ்சிடும்மா, கரண்டியில எலுமிச்சம்பழம் வெச்சுக்கிட்டு நடங்க, அழகா இருக்கும்'னாங்க. பொழுது விடிஞ்சா கரண்டி, பொழுது போனா கரண்டி, ஆட்டத்துலயும் கரண்டியா? கெஞ்சி, சண்டை போட்டு வாங்கின கயிறு இது. நாளைக்கு இன்னின்ன உடம்பு இருந்தாத்தான் ஜெயிக்கலாம்னு ஆயிட்டா, என்கிட்ட காய் நறுக்குற பொண்ணுங்க எதுக்கு வருவாங்க? மறுபடியும் எலுமிச்சம்பழத்துக்குத்தான் போவாங்க."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், ஆமாம், இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருப்பேன். சொன்னது நாத்தனாராகப் போய்விட்டதால், "கத்தாத, ரசத்தைக் கொட்டிடப் போற" என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த மனிதர் அதைத் திறக்காமலேயே இருந்திருக்கலாம். "எடை பார்த்து விட்டா என்ன? எட்டுப் பேரோட மொத்த எடை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சமமா இருக்கட்டும். யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. பஸ்ஸுக்குக்கூட இவ்வளவுதான் பாரம்னு கணக்கு இருக்கே."

என் நாத்தனார் என்னை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக, "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு மறுநாள் எடை போடும்போதுதான் புரிந்தது. எங்கள் கூடத்தில் துணி மூட்டைகள் நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது. அதில் எட்டெட்டுப் பேராக ஏறினோம். சமையல்கூடத்துப் பெண்கள் காலையிலிருந்து பட்டினி. தோடு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நாங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, செருப்போடு ஏறினோம். செருப்பைக் கழற்றியும், மூச்சைப் பிடித்தும், முள் அவர்களைத் தாண்டித்தான் நின்றது.

எங்கள் அணியில் மாற்று ஆள் ஒருத்திதான் இருந்தாள். கிழிந்த துணிகளைத் தைப்பவள். பேர் ஊசி, உருவமும் அதுதான். ஊசி உள்ளே வர வேண்டும் என்றால் கனமான ஒருத்தி வெளியே போக வேண்டும். மற்றவர்களில் யார் போனாலும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒன்று கொடிக்கம்பம் இறங்க வேண்டும், இல்லையென்றால் நான். எங்கள் அணியின் கடைசி ஆள் நான். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு தரையோடு தரையாக நிற்பவள். நங்கூரம் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நங்கூரம் கனமாக இல்லாமல் காகிதமாகவா இருக்கும்?

"நீங்களா அவளான்னு நீங்களே முடிவு பண்ணுங்க அண்ணி" என்றாள் என் நாத்தனார், தோட்டை மாட்டிக்கொண்டே. "நியாயம் பேசுறவங்க வீட்டுல நானா தலையிடுறது?"

அன்று முழுக்க எனக்குள் நேற்றுவரை இல்லாத சந்தேகங்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கின. டாக்டரே தெரியாது என்றுவிட்டாரே? தெரியாத விஷயத்தில் அவசரப்படலாமா? காய் நறுக்கும் பெண்கள் பாவம் இல்லையா? உயரம் உயரம்தானே? நான் இறங்க வேண்டும் என்றானதும் நாத்தனார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வேத வாக்காகத் தெரிய ஆரம்பித்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு வெட்கமும் வந்தது.

சாயங்காலம் கொடிக்கம்பம் பனியனைக் கடையில் அடுக்கிவைக்கிற துணி மாதிரி மடித்துக்கொண்டு வந்தாள். "நீங்க ஆடுங்கக்கா. நான் வெளிய நின்னு தண்ணி குடுக்குறேன். இதுவரைக்கும் வந்ததே பெருசு."

அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்துப் பழகிப்போன முகம் அது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம்.

"யாரைக் கேட்டு மடிச்ச?" என்று கத்தினேன். "நான் உன்கிட்டக் கேட்டேனா? போட்டுக்கடி அதை! நான் வெளிய நின்னு குரல் குடுக்குறேன். என் குரலோட எடையை எவளும் நிறுக்க முடியாது."

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபத்தில் கொடுத்ததுதான். கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியவில்லை.

போட்டியன்று காலையில் எல்லோரும் உடை மாற்றும் அறையில் இருந்தோம். கொடிக்கம்பம் வழக்கம்போலத் தலையணை உறை அறைக்குப் போகத் திரும்பினாள். ஊசி வாயில் நூலைக் கடித்தபடி கதவைத் திறந்து, "பனியன் கட்டையா இருக்கு, கீழ ஒரு துண்டு வெச்சுத் தைக்கணும். உள்ள வா. அங்க வெளிச்சம் பத்தாது" என்று இழுத்துக்கொண்டு வந்தாள். ஊசிக்கு வெளிச்சம்தான் பிரச்சினை. மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டோம். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டபோது, ஜலதோஷம் போலிருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து நினைத்துக்கொண்டோம்.

கயிற்றைத் தொடுவதற்கு முன் அவள் மைதானத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். மெதுவாக, முதுகு எல்லோருக்கும் தெரியும்படி. வார்டு ஜன்னல்களில் நோயாளிகள் முண்டியடித்துக்கொண்டு கை தட்டினார்கள். அவர்களுக்கு எதற்கு என்று தெரியாது. படுத்துப் படுத்து அலுத்தவர்கள், எதற்கும் தட்டுவார்கள்.

மூன்று இழுப்பு. இரண்டில் ஜெயித்தால் கோப்பை. எதிரணியின் முதல் ஆளாக என் நாத்தனார். எங்கள் வரிசையின் கடைசியில் என் இடத்தில் கொடிக்கம்பம். பக்கவாட்டில் நான்.

விசில் ஊதியதும் கொடிக்கம்பம் பின்னால் சாய்ந்தாள். பாதி தரையில் படுத்தாள் என்றே சொல்லலாம். ரிப்பன் எங்கள் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. நான் சரியாகக் கத்தத் தொடங்குவதற்குள் முதல் இழுப்பு முடிந்துவிட்டது. எங்கள் பிரிவு அதுவரை ஜெயித்ததே இல்லை என்பதால், என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

அந்தச் சும்மா நின்ற நேரத்தில்தான் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை. "ஆம்பளையை வெச்சு இழுத்தா யாருதான் ஜெயிக்க மாட்டா?"

சிலர் சிரித்தார்கள். என் நாத்தனார் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கொடிக்கம்பம் குனிந்து செருப்பே இல்லாத காலில் எதையோ சரி செய்தாள்.

இரண்டாவது இழுப்பு. எவளாலும் சாயாமல் இழுக்க முடியாது. எங்கள் வரிசையில் எல்லோரும் சாய்ந்திருந்தார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் பேருக்கேற்ற மாதிரி நிமிர்ந்து நின்றாள். கயிறு அவள் தோளில் மாலை மாதிரி தொங்கியது. முகத்தை மட்டும் கஷ்டப்பட்டுச் சுளித்துக்கொண்டிருந்தாள். தோற்றோம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கருவியை முட்டை மாதிரி பிடித்ததும், விரிப்பை அளந்து அளந்து இழுத்ததும் எல்லாம் சேர்ந்து புரிந்தது. பக்கத்தில் ஓடினேன். "நீ இழுக்கல."

"இழுத்தேன்க்கா."

"என்கிட்டயே பொய் சொல்லாத. உன் கையை எனக்குத் தெரியும்டி. இழுக்கப் போறியா இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் மூன்றாவது விசில்.

அடுத்து நடந்ததற்கு என் வாய்தான் பொறுப்பு. தலைகால் புரியாத கோபத்தில் இருந்தேன். "சாய்டி! இன்னும் சாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் அசையவில்லை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் சாய்ந்தாள். ரிப்பன் எங்கள் பக்கம் நகர்ந்தது. ஒரு சாண்தான் பாக்கி. முன் இருக்கை என் கண்ணுக்குத் தெரிந்தது; அதன் மெத்தைகூடத் தெரிந்தது. சந்தோஷத்தில் புத்தி எங்கேயோ போய்விட, வாய் தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடியது.

"இழு!" என்றேன். இழுத்தார்கள்.

"உதறு!" என்றேன். கயிற்றை ஓர் உதறு உதறினார்கள். சமையல்கூடத்தில் இரண்டு பேருக்குக் கை நழுவியது. அங்கேயே வாயை மூடியிருந்தால் இன்று நான் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

"சேர்!" என்றேன்.

சேர்ந்தார்கள். கையை மரியாதையாக முன்னால் நீட்டிக்கொண்டு, ஏழு பேரும் ஒரே சீராக எதிரணியை நோக்கி நடந்தார்கள், முனையோடு முனை சேர்க்க. துணி மடித்தே பழகாத ஊசி மட்டும்தான் நின்ற இடத்தில் நின்று தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். கயிற்றோடு அவளும் பறந்து போனாள். சமையல்கூடத்து எட்டுப் பேரும் மல்லாக்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ரிப்பன் அவர்களோடு போய்விட்டது. கொடிக்கம்பம் எல்லோரையும் தாண்டி என் நாத்தனார் வரை போய்விட்டாள். போய், குனிந்து, அவள் கையில் மடிக்க முனை தேடினாள்.

ஆஸ்பத்திரியே சிரித்தது. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீர்கள் என்று ஜன்னலில் இருந்து கெஞ்சினார்கள்.

நிர்வாக அதிகாரி மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சமையல்கூடம் வெற்றி! பார்த்தீங்களா, ஒரு அநியாயமும் நடக்கல. யார் வேணும்னாலும் ஆடலாம், தாராளமா ஆடலாம். அடுத்த வருஷமும் இப்படியே வாங்க!"

கொடிக்கம்பம் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நாம ஜெயிச்சிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாராக்கா?"

நான் என் செருப்பைத் தேடுவதாகப் பாவனை செய்தேன். அது என் காலில்தான் இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் ஓர் அதிசயம் நடந்தது. என் நாத்தனார் முன் இருக்கையில் உட்காரவில்லை. பின்னால் வந்து, பின் சக்கரத்துக்கு மேலே, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளத்துக்குப் பள்ளம் இருவர் தலையும் கூரையில் மோதின. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை நாங்கள் மடித்துக்கொண்டிருந்தபோது, சமையல் ஏப்ரனோடு அவள் எங்கள் கூடத்துக்குள் வந்தாள். என்னைத் தாண்டி நேராகக் கொடிக்கம்பத்திடம் போனாள்.

"ரெண்டாவது இழுப்புல நீ விட்டுக் குடுத்தியா?"

"இல்லையே அக்கா."

"பொய். முதல் ஆளா நான் நிக்கிறேன். கயித்துல எதிர்ப்பக்கம் உசுரு இருக்கா இல்லையான்னு என் கைக்குத் தெரியாதா? முதல் இழுப்புல இருந்துச்சு. ரெண்டாவதுல இல்ல. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல எனக்கு."

கொடிக்கம்பம் தலையைக் குனிந்தாள். "ஜெயிச்சா ஆம்பளைங்கிறாங்க. தோத்தா, சரி, பொம்பளைதான்னு விட்டுடுறாங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

என் நாத்தனார் ஏப்ரன் முனையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள்.

"அது நியாயமில்லதான். ஆனா எனக்கு இன்னும் சந்தேகம் போகல. உன் உசரத்தைப் பார்த்தா இப்பவும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. அது வேற. ஆனா விட்டுக் குடுத்து ஜெயிக்க வைக்க நீ யாருடி? எலுமிச்சம்பழத்தைக் குடுத்தவனும் அப்படித்தான் நெனைச்சான், பாவம் இதுங்கன்னு. அதுக்கா நான் ஆபீஸ் வாசல்ல போய் நின்னேன்?"

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த விரிப்பின் முனைகளைப் பிடுங்கிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மறுமுனை கொடிக்கம்பத்தின் கையில் இருந்தது. "புடி. இப்ப இழு."

"வேண்டாம்க்கா, துணி..."

"இழுன்னா இழு!"

கொடிக்கம்பம் என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சொத்து அது, என் பொறுப்பில் இருப்பது. "இழுடி" என்றேன். "சேர்னு மட்டும் நான் சொல்லவே மாட்டேன்."

சாய்ந்தாள். முதல் இழுப்பில்கூட அவள் இப்படி முழுசாகச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. எதிரில் என் நாத்தனாரும் சாய்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, காலடியில் தரை கிரீச்சிட்டது. இரண்டு பேரும் ஒரு விரல்கூட அசையவில்லை. கொஞ்ச நேரம் அந்த விரிப்பு பலகை மாதிரி விறைத்து நின்றது. பிறகு நடுவில் டர்ரென்று கிழிந்தது. இந்தப் பக்கம் ஒருத்தி துவாலை வண்டிக்குள்ளும், அந்தப் பக்கம் ஒருத்தி அழுக்கு மூட்டையின் மேலும் போய் விழுந்தார்கள்.

ஊசி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் நாத்தனார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. மூட்டையிலிருந்து எழுந்து, கொடிக்கம்பத்தின் கையிலிருந்த பாதியையும் தன் பாதியையும் சேர்த்துப் பிடித்து, யாருடையது பெரிது என்று அளந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, திருப்பி வைத்தும் பார்த்தாள். சொல்ல முடியவில்லை.

கொடிக்கம்பம் வண்டிக்குள்ளிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நீளமான இரண்டு காலும் வெளியே தொங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே நிலைமை.

என் நாத்தனார் கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டாள். ஏப்ரனைத் தட்டிவிட்டுக்கொண்டு கதவு வரை போனவள், திரும்பி நின்றாள்.

"அடுத்த வருஷம் நீ இப்படி இழுத்தே, நான் மறுபடியும் கமிட்டிக்கு மனு குடுப்பேன்."

"குடுங்கக்கா" என்றாள் கொடிக்கம்பம்.

"இப்படி இழுக்கலைன்னு வை, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."